சின்னத் துப்பாக்கிக்கு உதை பெரிது: சில கேள்விகளும் பதில்களும்

டெக்சாஸில் ஒன்பது வருடமாகக் கைத்துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கிறேன். ஆரம்பத்தில் நம்மவர்கள் எப்போதாவது ஒருவர் வருவார். இப்போது வாரம் தவறாமல் யாராவது கூப்பிடுகிறார்கள். அநேகமாக எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சின்னதா, கனம் இல்லாம, சட்டைக்குள்ள போட்டா தெரியாத மாதிரி ஒண்ணு சொல்லுங்க." ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் சொல்வது டெக்சாஸ் கணக்கு.

ஆஸ்டினிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். டெக்சாஸில் இப்போது லைசென்ஸே தேவையில்லை என்கிறார்கள். நான் ஒரு பிஸ்டல் வாங்கலாமா?

வாங்காதீர்கள் தம்பி. 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிறைந்தவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்பது உண்மைதான். ஆனால் துப்பாக்கி வைத்திருக்கவே தடை உள்ளவருக்கு அந்தச் சலுகை கிடையாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் சட்டம். வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு ஒரு விலக்கு உண்டு. நண்பர்கள் அதைத்தான் காதில் ஓதுவார்கள். குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள். கடையில் 4473 என்று ஒரு படிவம் தருவார்கள், அதில் இதை நேராகவே கேட்பார்கள். பொய் எழுதினால் மத்தியக் குற்றம். ஒரு பிஸ்டலுக்காக இத்தனை வருட உழைப்பைப் பணயம் வைக்க வேண்டாம். கிரீன் கார்டு கையில் வந்த பிறகு வாருங்கள், தாராளமாகப் பேசலாம்.

சுகர் லேண்டிலிருந்து: கடையில் ஸ்மித் அண்ட் வெஸன் 340பிடி ரிவால்வரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். காகிதம் மாதிரி இருக்கிறது! கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமா?

கையில் எடுத்தவுடன் எல்லோருக்கும் அது பிடித்துப்போகும். ஸ்கேண்டியம் கலந்த அலுமினிய உடல், தோட்டா போட்டுச் சுழலும் சிலிண்டர் டைட்டானியம், தோட்டா இல்லாமல் ஏறக்குறைய 330 கிராம். அதில் .357 மேக்னம் என்ற வீரியமான தோட்டாவே போடலாம். ஆனால் சுட்டுப் பார்த்தீர்களா?

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். சாதாரண 9 எம்எம் குண்டு ஒன்றின் எடை சுமார் 8 கிராம். நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் அது முன்னால் போகும்போது துப்பாக்கி பின்னால் வருகிறது. துப்பாக்கி ஒரு கிலோ என்றால் அது நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் உங்கள் கையை உதைக்கும். அரைக் கிலோ என்றால் 5.6 மீட்டர். உதையின் ஆற்றலும் இரண்டு மடங்காகிவிடும். குண்டு அதேதான், வெடிமருந்தும் அதேதான். நீங்கள் குறைத்த ஒவ்வொரு கிராமும் உள்ளங்கைக்குத்தான் வந்து சேர்கிறது. மேக்னம் போட்டால் இதைவிடப் பல மடங்கு.

போன வருடம் ஒருவர் இதே ரகத் துப்பாக்கியோடு வகுப்புக்கு வந்தார். நல்ல உயரம், தினமும் ஜிம்முக்குப் போகிறவர். முதல் ஐந்து மேக்னம் சுட்டு முடித்தபோது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் சிவந்திருந்தது. "பரவாயில்லை, வலி தாங்குவேன்" என்றார். அடுத்த சுற்றுக்கு நானே சிலிண்டரில் மூன்று தோட்டாவும் இரண்டு வெற்றுக்கூடும் கலந்து போட்டு மூடிக் கொடுத்தேன். எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வெற்றுக்கூடு வந்த இடத்தில் 'டிக்' என்று சத்தம் மட்டும் கேட்டது, ஆனால் குழல் நுனி இரண்டு அங்குலம் கீழே குத்தியது. வெடிக்கவே இல்லை, உதையும் இல்லை. உதை வரப்போகிறது என்ற பயத்தில் கை தானாகவே கீழே இழுத்துவிட்டது. உயிரைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அந்தக் குண்டு தரைக்கோ, பின்னால் நிற்கும் யாரோ ஒருவருக்கோ போகும். அதுதான் என் கவலை.

இன்னொன்று. இவ்வளவு லேசான ரிவால்வரில் சுடும்போது, சிலிண்டரில் மீதி இருக்கும் தோட்டாக்களின் குண்டு அந்த உதறலில் கூட்டைவிட்டு முன்னால் நகர்ந்து சிலிண்டர் சுற்றாமல் சிக்கிக்கொள்வதும் உண்டு. ரிவால்வரில் கோளாறே வராது என்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

ரிவால்வர்தான் வேண்டும் என்றால் அதே கம்பெனியின் 642 பாருங்கள். அலுமினிய உடல், ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல், 400 கிராமுக்குக் கொஞ்சம் மேல். இதையும் எளிது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாரம் ஐம்பது தோட்டா சுட்டுப் பழக முடியும்.

பிளேனோவிலிருந்து: ரூகர் எல்சிபி நல்லதா, சிக் பி365 நல்லதா? .380 போதுமா, 9 எம்எம் வேண்டுமா?

எல்சிபி 2008இல் வந்தது. காலியாக 270 கிராம் அளவுதான், பேன்ட் பாக்கெட்டில் காணாமல் போய்விடும். மேகசினில், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், ஆறு தோட்டா. அந்தக் காலத்தில் சின்னது வேண்டும் என்றால் இப்படி எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். 2015இல் வந்த கிளாக் 43கூட 9 எம்எம் என்றாலும் மேகசினில் ஆறுதான்.

2018இல் சிக் கம்பெனி பி365ஐ இறக்கியபோது அந்தக் கணக்கு மாறியது. ஏறக்குறைய கிளாக் 43 அளவுதான், எடை அரைக் கிலோ, ஆனால் மேகசினில் பத்து. தோட்டாவை இரண்டு வரிசையாக அடுக்கி மேலே ஒற்றை வரிசைக்கு ஒடுக்கிய விதம்தான் சூட்சுமம். அடுத்த வருடமே ஸ்ப்ரிங்ஃபீல்டு ஹெல்கேட் வந்தது, 2021இல் ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு பிளஸ் வந்தது. இந்த மூன்றில் உங்கள் கைக்கு எது உட்காருகிறதோ அதை எடுங்கள். என் கருத்து கேட்டால், புதிதாக வாங்குபவருக்கு இந்த அரைக் கிலோ 9 எம்எம் ரகம்தான் சரி. இதற்குக் கீழே போகப் போக, பழகியவர்களுக்கான துப்பாக்கி அது.

.380 வேண்டாம் என்று ஒதுக்கவும் மாட்டேன். ஆனால் சின்னத் தோட்டா என்பதால் மென்மையாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். எல்சிபி நன்றாகவே கடிக்கும். அதே தோட்டாவைக் கிளாக் 42இல் போட்டுச் சுட்டால், 390 கிராம் எடை இருப்பதால், எவ்வளவோ சுகம். பழைய வால்தர் பிபிகே இதைவிடக் கனமானது, ஆனாலும் கையை அடிக்கும். அதில் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, பிடித்துப் பூட்டும் அமைப்பு இல்லை, ஸ்பிரிங்கும் ஸ்லைடின் எடையும் மட்டுமே வெடிப்பைத் தாங்குகின்றன. தோட்டாவின் எண்ணை வைத்து உதையைக் கணிக்க முடியாது, சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கேட்டியிலிருந்து ஒரு அக்கா: எனக்கு 58 வயது, விரல் மூட்டுகளில் வலி உண்டு. ஸ்லைடை இழுக்க முடியவில்லை. "லேடீஸ்க்கு ரிவால்வர்தான்" என்று சின்னதாக ஒன்றைக் காட்டினார் கடைக்காரர்.

அக்கா, இந்த வார்த்தையை எத்தனை பெண்கள் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள்! சின்னக் கை, அதனால் சின்னத் துப்பாக்கி என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். அந்த ரிவால்வரின் விசையை (டிரிகரை) இழுக்க ஏறக்குறைய 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோ பலம் வேண்டும். ஒவ்வொரு முறையும், ஒரே விரலால். மூட்டு வலி உள்ளவருக்கு அது நடக்கிற காரியமா?

முதலில் ஸ்லைடை இழுக்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலானோர் துப்பாக்கியைத் தூரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலால் கிள்ளி இழுக்கிறார்கள். துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகே கொண்டுவாருங்கள், குழல் நுனி இலக்குப் பக்கமே இருக்கட்டும், விரல் விசைக்கு வெளியே. இடது கையின் நான்கு விரலும் உள்ளங்கையும் ஸ்லைடின் மேலே கவிந்து பிடிக்கட்டும். பிறகு ஸ்லைடை இழுக்காதீர்கள், வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளுங்கள். தோளும் முதுகும் வேலை செய்யும், விரல் வெறுமனே பிடித்திருந்தால் போதும். என் வகுப்பில் "முடியாது" என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு இதிலேயே வந்துவிட்டது.

அப்படியும் வலித்தால் ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈஸி, .380 ரகம். 2018இல் இதற்காகவே செய்தது. ஸ்பிரிங் மென்மை, மேகசினில் தோட்டா நிரப்புவதும் சுலபம். கொஞ்சம் பெரியது, அரைக் கிலோவுக்கு மேல். அந்தக் கனமே உங்களுக்கு உதவி செய்யும்.

அதே அக்கா: கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் அக்கா. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊரில், கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஒரு இளம் தாய் இறந்துபோனார். அவருடைய இரண்டு வயது மகன் கைப்பைக்குள் கையை விட்டிருக்கிறான், துப்பாக்கி வெடித்துவிட்டது. அது துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை தைத்த பை. வீட்டில் பேரப்பிள்ளைகள் வந்து போகிறார்கள் என்று சொன்னீர்களே. பை என்றால் சோபாவில் வைப்போம், கார் சீட்டில் வைப்போம், யாரோ "கொடுங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்பார்கள். துப்பாக்கி உடம்போடு இருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டகத்தில் பூட்டி இருக்க வேண்டும். மூன்றாவது இடம் கிடையாது. 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் கிடைக்கும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றமும்கூட.

ஃபிரிஸ்கோவிலிருந்து: பேன்ட் பாக்கெட்டில் அப்படியே போட்டுக்கொள்ளலாம் அல்லவா? உறை எதற்கு?

உறை இல்லாமல் கூடவே கூடாது. சாவி, பேனா, சில்லறை எது வேண்டுமானாலும் விசைக்குள் நுழையும். பாக்கெட் உறை என்று தனியாகவே இருக்கிறது, விசையை முழுதாக மூடும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. வாரம் ஒருமுறை எடுத்துத் தூசி தட்டுங்கள். துணிப்பஞ்சு எவ்வளவு சேர்கிறது என்று பார்த்தால் அசந்துபோவீர்கள், குழலுக்குள்கூட உருண்டையாக உட்கார்ந்திருக்கும். இடுப்பில் என்றால் கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறையும், அதைத் தாங்கும் தடித்த பெல்ட்டும் வாங்குங்கள். நல்ல பெல்ட்டில் அரைக் கிலோ கனமாகவே தெரியாது. 200 கிராம் குறைப்பதற்காகத் துப்பாக்கியை மாற்றுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பெல்ட்டை மாற்றச் சொல்லித்தான்.

கோவிலுக்குப் போகும்போது?

2019 செப்டம்பருக்குப் பிறகு, வழிபாட்டு இடத்தில் தடை அறிவிப்பு இல்லையென்றால் லைசென்ஸ் உள்ளவர் எடுத்துச் செல்லச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாசலில் 30.06, 30.05 என்ற எண்ணோடு பலகை இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது லைசென்ஸ் உள்ளவர் மறைத்துக் கொண்டுபோவதற்குத் தடை, இரண்டாவது லைசென்ஸ் இல்லாதவருக்கு. சிவப்பில் 51% என்று எழுதிய பலகை தொங்கினால் அது மது விற்பனைதான் முக்கிய வருமானம் என்ற இடம், உள்ளே போகாதீர்கள். தபால் நிலையத்துக்கும் கூடாது. கட்டாயம் இல்லாவிட்டாலும் லைசென்ஸ் வாங்கிவிடுங்கள் என்பேன். மற்ற பல மாநிலங்களில் அது செல்லும், வகுப்பில் சட்டமும் சொல்லிக்கொடுப்பார்கள்.

ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாமா?

இந்தியாவுக்கா? நினைக்கவே வேண்டாம். துப்பாக்கியை விடுங்கள், நீங்கள் பயப்பட வேண்டியது மறந்துபோன ஒற்றைத் தோட்டாவுக்கு. சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு எடுத்துப்போன பையிலேயே துணி அடுக்கிக்கொண்டு விமானம் ஏறுவார்கள், அடியில் ஒரு தோட்டா உருண்டு கிடக்கும். இந்தியாவில் ஆயுதச் சட்டம் தோட்டாவுக்கும் பொருந்தும். விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்தால் போலீஸ், வழக்கு, நின்றுபோன பயணம். எனவே ரேஞ்சுப் பை ரேஞ்சுக்கு மட்டும்.

அமெரிக்காவுக்குள் என்றால் வழி இருக்கிறது. தோட்டா எடுத்த துப்பாக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டி, செக்-இன் லக்கேஜ், கவுன்டரில் சொல்லிவிட வேண்டும். கைப்பையில் மறந்து கொண்டுவந்து 2023இல் மட்டும் பாதுகாப்புச் சோதனையில் பிடிபட்டவை 6,737 துப்பாக்கிகள், பெரும்பாலானவற்றில் தோட்டா இருந்தது. பி365 போன்ற ஒன்று பையின் ஓரத்தில் கிடந்தால் கனமே தெரியாது, மறந்துதான் போகும்.

ஒருவர் (ஊர் பெயர் வேண்டாம் என்றார்): வீட்டில் ஒருவருக்குச் சில மாதமாக மனச்சோர்வு, மாத்திரை சாப்பிடுகிறார். பெட்டகம் வாங்கிவிட்டால் போதும்தானே?

இப்போது வாங்காதீர்கள் ஐயா. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைதான். பெட்டகத்தின் எண் வீட்டில் எல்லோருக்கும் எப்படியோ தெரிந்துவிடும். கதவுக்கு நல்ல பூட்டு, வாசலில் விளக்கு, கேமரா, இவை இந்த வருடத்துக்குப் போதும். அவர் நலமாகட்டும், அப்புறம் பார்க்கலாம். ஏற்கெனவே வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், கொஞ்ச காலம் வீட்டைவிட்டு வெளியே பாதுகாப்பாக வைக்க வழி பாருங்கள்.

இர்விங்கிலிருந்து: வாங்கிய பிறகு எவ்வளவு சுட வேண்டும்?

இடுப்பில் ஏற்றும் முன்பு குறைந்தது இருநூறு. அதில் குறைந்தது ஐம்பது நீங்கள் தினமும் வைத்திருக்கப்போகும் தோட்டாவாக இருக்கட்டும். சின்ன பிஸ்டல்கள் சில தோட்டாக்களை விழுங்காது. பிறகு மாதம் ஒருமுறை. நடுவில் வீட்டில் காலித் துப்பாக்கியோடு விசைப் பயிற்சி, தோட்டா வேறு அறையில் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறேன் அண்ணா. என்ன கொண்டுவர வேண்டும்?

எதையும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மேலே சொன்ன மூன்று 9 எம்எம் பிஸ்டலும் ஒரு 642ம் ரேஞ்சில் வாடகைக்குக் கிடைக்கும், நான்கையும் சுட்டுப் பார்க்கலாம். கழுத்து ஒட்டிய டீ-ஷர்ட், முழுதாக மூடிய ஷூ. கழுத்து இறங்கிய சட்டை வேண்டாம். சுட்ட கூடு சூடாகத் தெறித்து உள்ளே விழும், தோலில் பட்டவுடன் துள்ளுவோம், கையில் தோட்டா போட்ட துப்பாக்கி இருக்கும். அப்படி ஏதாவது விழுந்தால் தோல் எரியட்டும், கொப்புளம்கூட வரட்டும், முதலில் துப்பாக்கியை இலக்குப் பக்கம் பார்த்தபடி மேசையில் வையுங்கள், அப்புறம் சட்டையை உதறுங்கள்.