காரைக்குடிப் பக்கம் கண்மாயில் ஃப்ளை ஃபிஷிங் பழக, முதல் செட்டாக என்ன வாங்கலாம்?

கேள்வியில் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். இதுவரை தக்கை கட்டி மண்புழு கோத்துத்தான் மீன் பிடித்திருக்கிறீர்கள், விரால்தான் குறி, ஆன்லைனில் ஐந்தாம் எண் காம்போ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அந்த மூன்றாவதை இப்போதே கார்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம்.

நானும் அதைத்தான் வாங்கினேன். ராடு, ரீல், லைன், ஒரு டப்பா நிறையக் குட்டிக் குட்டிப் பூச்சிகள், எல்லாம் ஒரே பெட்டியில். குளிர்ந்த மலை ஓடையில் டிரவுட் பிடிக்கிறவனுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்த செட். நான் இருப்பதோ தேவகோட்டை ரஸ்தா பக்கம், அன்றைக்குச் சித்திரை மாதம். கரையில் நின்று பெரிய பொய்த்தவளை ஒன்றை மாட்டி வீசினேன், அது முன்னால் போகாமல் என் பிடரியில் வந்து அடித்தது. பத்துத் தடவை வீசியிருப்பேன், ஏழெட்டுத் தடவை முதுகிலும் தொப்பியிலும்தான் விழுந்தது. வெயில் ஏற ஏற லைன் வேகவைத்த இடியாப்பம் மாதிரி தொய்ந்து, பிசுபிசுத்து, வளையங்களில் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. மீன் குத்தகைக்காரர் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மாட்ட ஓட்டுறீங்களா, மீன் பிடிக்கிறீங்களா?" என்றார்.

அவர் கேலியாகச் சொன்னாலும் விஷயம் அதில்தான் இருக்கிறது, இது சாட்டை வீசுகிற வேலையேதான். நமக்குப் பழகிய தூண்டிலில் ஈயக்குண்டோ ரப்பர் தவளையோதான் கனம். அது பறக்கும், நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃப்ளையில் நேர்மாறு. முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சிக்குச் சொல்லிக்கொள்ளும்படி எடை கிடையாது, கனம் முழுக்க லைனில் இருக்கிறது. அந்த லைன் தடிமனாக, பிளாஸ்டிக் பூச்சுப் பூசி, நுனிக்கு வர வர மெலிந்துகொண்டே வரும். அதைப் பின்னால் வீசி, அது நீளும்வரை பொறுத்து, அப்புறம் முன்னால் வீச வேண்டும். பூச்சி சும்மா வால் மாதிரி கூடவே போகும்.

ராடில் போட்டிருக்கும் 5, 6, 8 என்ற எண் எல்லாம் அந்த லைனின் எடைதான். ராடு எவ்வளவு பெரிய மீனைத் தாங்கும் என்பதற்கான கணக்கு என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். லைனின் முதல் 30 அடி ஐந்தாம் எண்ணில் சுமார் 9 கிராம், ஆறில் 10 கிராமுக்குச் சற்று மேல், எட்டில் 13.6 கிராம் வரும். வெறும் நாலரை கிராம் வித்தியாசத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றும். விராலுக்குப் போடுகிற தவளை கனமில்லாததுதான், ஆனால் உருவம் பெரிசு, காற்றை அப்படியே வாங்கும். ஒன்பது கிராம் லைன் அதை இழுத்துக்கொண்டு போகத் திணறும், பதின்மூன்றரை கிராம் லைன் அநாயாசமாகப் புரட்டிப் போட்டுவிடும். ஆகவே எந்த மீன் என்று கேட்பதற்கு முன்னால் எந்த அளவுப் பூச்சியை வீசப் போகிறோம் என்று கேட்க வேண்டும். அதற்கு ஏற்ற லைன், லைனுக்கு ஏற்ற ராடு, கடைசியில் ரீல். காம்போ விற்கிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

விரால்தான் குறி என்றால் 9 அடி நீளம், எட்டாம் எண், கிராஃபைட் ராடு. நான்கு துண்டாகக் கழற்றுகிறதைப் பார்த்து வாங்குங்கள், பஸ்ஸிலும் மொபெட்டிலும் கொண்டுபோகத் தோது. ரொம்ப விறைப்பான ராடு வேண்டாம், புதிதாகப் பழகுகிறவனுக்கு அது வளைவதே கையில் தெரியாது. நடுத்தரமாக வளைவதே போதும். ஜிலேபி, கெண்டை, குரவை என்று கிடைத்ததைப் பிடித்துப் பொழுதுபோக்குகிறேன் என்றால் ஆறாம் எண் அருமையாக இருக்கும். ஏழு வாங்கினால் இரண்டுக்கும் ஆகும் என்பார்கள், இரண்டுக்கும் அரைகுறையாகத்தான் ஆகும் என்பது என் கருத்து.

பணத்தை லைனில் போடுங்கள், இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முன்பக்கம் கனமாக இருந்து மிதக்கிற லைன், அதாவது வெயிட் ஃபார்வர்ட் ஃப்ளோட்டிங். அதிலும் பாஸ் என்கிற வெளிநாட்டு மீனுக்கு என்று தனியாக ஒரு வகை விற்கிறார்கள், அதில் கனம் இன்னும் நுனிப்பக்கம் கூடியிருக்கும். அது பெரிய தவளையை வீசுவதற்கென்றே செய்தது. பெட்டியில் டிராபிகல் அல்லது வார்ம் வாட்டர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். குளிர்நாட்டு லைனின் உள்கயிறும் மேல்பூச்சும் குளிரிலும் சுருளாமல் இருக்க வேண்டும் என்று இளக்கமாகச் செய்தவை, நம் வெயிலில் அவை குழைந்துவிடும். என் இடியாப்பக் கதைக்குக் காரணம் அதுதான். டிராபிகல் லைனில் உள்கயிறு விறைப்பானது, பூச்சும் கடினம். அதற்காக அதையும் மத்தியானம் பூட்டிய காருக்குள் போட்டு வைக்காதீர்கள்.

ரீலுக்குச் செலவு செய்யாதீர்கள். கண்மாய் மீன் கடல் மீன் மாதிரி நூறு கஜம் ஓடாது. விரால் ஓடுவதே பத்து அடிதான், அதுவும் நேராக அல்லித் தண்டுக்குள்ளோ வேலம்பாசிக்குள்ளோ போய்ப் புதைந்துகொள்ளும். அதை விடாமல் லைனைக் கையால் பிடித்து இழுத்துத்தான் கொண்டுவர வேண்டும், ரீல் லைனைச் சுற்றி வைக்கிற நூல்கண்டு, அவ்வளவுதான். டக் டக் என்று சத்தம் போடுகிற சாதா ரீல் போதும். லைனுக்கு அடியில் சுற்ற 20 பவுண்டு பேக்கிங் கயிறு கொஞ்சம் வேண்டும், இல்லாவிட்டால் லைன் சின்னச் சுருளாகவே பழகிப்போகும்.

லைன் நுனிக்கும் பூச்சிக்கும் நடுவில் வருகிற லீடர் என்கிற நரம்பை வெளியில் வாங்கவே வேண்டாம். மெலிந்துகொண்டே வருகிற விலை உயர்ந்த லீடர் எல்லாம் தெளிந்த தண்ணீருக்கு. நம் கண்மாய் கார்த்திகையில் டீ மாதிரிதான் இருக்கும். நம்மூர்த் தூண்டில் கடையிலேயே 0.40 மில்லிமீட்டர் தங்கூஸ் நரம்பு கேளுங்கள், ஏறக்குறைய 20 பவுண்டு தாங்கும். ஏழடி வெட்டிக் கட்டினால் முடிந்தது. விராலின் பல் சின்னதுதான், ஆனால் அரம் மாதிரி நரம்பைச் சுரண்டும். ஒவ்வொரு மீனுக்கும் பிறகு கடைசி அரை அடியை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். ஜிலேபிக்கு 6 பவுண்டு நரம்பு தாராளம்.

பூச்சிகள் விஷயத்தில் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. வெளிநாட்டில் மான் முடியைக் கட்டிக் கத்தரித்துத் தவளை செய்கிறார்கள், பார்க்க அழகுதான், ஒன்று தொலைந்தால் வயிறு எரியும். நான் செய்வது ரப்பர்ச் செருப்பில். அறுந்துபோன பழைய ஹவாய்ச் செருப்பின் குதிகால் பக்கம் தேயாமல் இருக்கும் இடத்தில், சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு துண்டு அறுத்தெடுங்கள். பிளேடால் முன்பக்கத்தைத் தட்டையாக வெட்டி, நடுவில் லேசாகக் குழித்துவிட்டால் இழுக்கும்போது தண்ணீரில் "பளக்" என்று சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்குத்தான் விரால் திரும்பும். அடியில் ஒரு கீறல் போட்டு 2/0 முள்ளை உள்ளே வைத்துப் பசை விடுங்கள். முள்ளின் காம்பில் முதலிலேயே தையல் நூலை நெருக்கமாகச் சுற்றிவைக்க வேண்டும், வழுவழுப்பான காம்பில் பசை பிடிக்காமல் மூன்றாவது இழுப்பிலேயே செருப்பு தனியாகச் சுழலும் (எனக்குச் சுழன்றது). நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், பருத்தி நூல் ஊறித் தளர்ந்துவிடும். பின்னால் இரண்டு கால் மாதிரி நாட்டுச் சேவலின் கழுத்து இறகு இரண்டு இரண்டாக, வெளிப்பக்கம் வளையும்படி. கோழிக்கடையில் சொல்லிவைத்தால் சும்மாவே தருவார்கள். காட்டுக்கோழி இறகு எங்கேயாவது கிடைத்தால் தொடாதீர்கள், அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை.

கடைசியாக ஒன்று, பாசி படாமல் காக்கிற கம்பி. அதே தங்கூஸில் ஒரு துண்டை முள்ளின் வளைவிலிருந்து கண்வரைக்கும் முன்னால் வளைத்துக் கட்டினால், பாசி அதில் வழுக்கிப் போய்விடும், மீன் வாய் மூடும்போது மட்டும் அது மடங்கும். இது இல்லாமல் அல்லிக் குளத்தில் தவளை போடுவது வீண்வேலை.

நான் முதன்முதலாகப் பிடித்த விரால் மஞ்சள் செருப்புத் தவளையில்தான் விழுந்தது. அதற்கு முன்னால் மூன்றைக் கோட்டைவிட்டிருந்தேன். தண்ணீர் வெடித்ததும் பழக்கதோஷத்தில் ராடை மேலே தூக்கினேன், தவளை மீன் வாயிலிருந்து பிய்த்துக்கொண்டு என்னைப் பார்க்கப் பறந்து வந்தது. ராடைத் தூக்கவே கூடாது. நுனியை மீனைப் பார்த்தபடியே தாழ்த்தி வைத்து, இடது கையால் லைனை வெடுக்கென்று இழுக்க வேண்டும். தக்கை முங்கியதும் தூக்கிப் பழகிய கைக்கு இது வரவே வராது, எனக்கு ஒரு சீசனே போனது.

ஜிலேபிக்கும் கெண்டைக்கும் 10, 12 எண் சின்ன முள்ளில் பழுப்பு அல்லது கறுப்பு இறகைச் சும்மா சுற்றினாலே போதும். மெதுவாக, தூங்குகிற மாதிரி இழுங்கள்.

வீசிப் பழகுவதற்குத் தண்ணீரே தேவையில்லை. கோடையில் வற்றிக் கிடக்கிற கண்மாய்தான் சரியான பள்ளிக்கூடம். முள்ளுக்குப் பதில் நுனியில் சிவப்பு உல்லன் நூல் கட்டி, தினமும் காலையில் கால்மணி நேரம் வீசுங்கள். நான் மழைநாளில் வீட்டுக்குள்ளேயே பழகினேன். எங்கள் வீட்டில் முகப்பிலிருந்து பார்த்தால் இரண்டாம் கட்டு வரைக்கும் நேர்வழி, நல்ல நீளம். லைன் தேக்குத் தூணில் சுற்றிக்கொண்டு, அப்பத்தா உலர வைத்திருந்த வற்றல் தட்டைக் கவிழ்த்ததோடு அந்தப் பயிற்சி முடிந்தது. கழற்றிய லைனைக் காலடியில் போட்டால் நெருஞ்சியும் கருவேல முள்ளும் ஏறிப் பூச்சைக் கிழிக்கிறதே, அதைச் சுருட்டிப் போட ஒரு கொட்டான், அதுதான் ஓலைக்கூடை, கொடுங்கள் என்று அவரிடமே போய்க் கேட்டேன் பாருங்கள், அடி விழாததுதான் மிச்சம். கடையில் வாங்கின சின்னப் பிளாஸ்டிக் கூடையை இடுப்பில் கட்டிக்கொள்கிறேன், அதுவே போதும்.

இங்கே பெரிய சிக்கல் கரை மரங்கள். வெளிநாட்டு வீடியோவில் பின்னால் புல்வெளி இருக்கும், நமக்குச் சீமைக் கருவேலம். அதனால் வாங்குவதற்கு முன்பே போய், முதுகுப் பக்கம் 30 அடி வெற்றிடம் இருக்கிற இடங்களைப் பார்த்து வையுங்கள். பெரும்பாலும் கலுங்குப் பக்கமும் மடைப் பக்கமும் கிடைக்கும். இல்லாத இடத்தில் பின்னால் வீசாமல் தண்ணீரிலிருந்தே உருட்டிப் போடுகிற ரோல் காஸ்ட் ஒன்று இருக்கிறது, அதை முதல் மாதமே கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இறங்கி வீசலாமே என்று நினைக்காதீர்கள். வண்டல் அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து தெரியாது. இடுப்பளவு ரப்பர் உடை எல்லாம் வாங்கினால் நம் வெயிலில் உள்ளேயே வெந்துபோவீர்கள். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம், 2/0 முள் காதோரம் போகிற சத்தத்தை ஒருமுறை கேட்டால் நீங்களே போட்டுக்கொள்வீர்கள். சாயங்காலம் என்றால் ஷூ, பாம்பு இருக்கும்.

கண்மாய் மீன் பெரும்பாலும் குத்தகையில் இருக்கும், கேட்காமல் இறங்கினால் வம்பு. நான் குத்தகைக்காரரிடம் முதலிலேயே பேசி, எடுத்துப் போகிற மீனுக்கு எடை போட்டுக் காசு கொடுத்துவிடுகிறேன். குடிதண்ணீர் ஊருணிகளில் தூண்டிலோடு நிற்கவே கூடாது. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயக் கண்மாயையும் மறந்துவிடுங்கள். அந்தப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை, நாம் போய் லைனை விசிறிக்கொண்டு நிற்பது சரியாக இருக்காது.

அப்புறம், மழைக்குப் பிறகு கரையோரம் செக்கச் செவேலென்று விரால் குஞ்சுகள் ஒரே திரளாக மேலே வந்து கொப்பளிப்பதைப் பார்ப்பீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். எதைப் போட்டாலும் சீறிவந்து கடிக்கும், புதிதாகப் பழகுகிறவனுக்கு இதைவிட லேசான மீன் கிடையாது. அதை மட்டும் பிடிக்காதீர்கள், பெரிசு போய்விட்டால் அந்தத் திரள் முழுவதும் மற்ற மீனுக்கும் கொக்குக்கும் இரை. பத்தடி தள்ளிப் போய், தனியாக மூச்சு வாங்க மேலே வருகிற விரால் விடுகிற வட்டத்தைப் பார்த்து, அதற்கு இரண்டடி முன்னால் தவளையைப் போடுங்கள்.

உங்கள் கண்மாய் எது, கரையில் மரம் எப்படி என்று கமெண்டில் எழுதுங்கள். பின்பக்கம் ரொம்ப நெருக்கமாக இருந்தால் ராடு நீளத்தை 9 அடியிலிருந்து கொஞ்சம் குறைக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.