நேரே இரண்டாம் பாகம் பார்க்கலாமா?

கேள்வி: அக்கா, கனடாவிலிருந்து வந்திருக்கும் அண்ணாவின் பிள்ளைகள், சனிக்கிழமை எல்லாருமாக இருந்து 'பாகுபலி 2' பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். நானும் அம்மாவும் முதல் பாகம் பார்க்கவில்லை. எங்களுக்குக் கதை விளங்குமா?
– வாசகி, கோப்பாய்

பதில்: கதை விளங்கும் தங்கச்சி. 2017இல் வந்த இந்தப் படத்தின் பெரும்பகுதி, அரச குடும்பத்தின் அடிமை வீரன் கட்டப்பா, பாகுபலியின் மகனுக்குச் சொல்லும் தகப்பனின் கதைதான். தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போதே முதல் பாகத்தின் முக்கிய கட்டங்கள் சிலைகளாக உறைந்து நின்று கடந்துபோகும். தேத்தண்ணி ஊற்றப் போகிறவர்கள் அதற்கு முதலே போய்வந்துவிடுங்கள்.

அப்புறம் சிவகாமி தலையில் தீச்சட்டியோடு நடந்து வருவார், யானைக்கு மதம் பிடிக்கும், பாகுபலி தேரோடு வந்து அதை அடக்குவான். எங்கள் கூத்தில் ஒவ்வொருவரும் வரவுப் பாட்டோடு வந்து தான் யார் என்று சொல்வதைப் போல, யார் அரசி, யார் நாயகன், யாருக்கு வயிற்றெரிச்சல் என்பதெல்லாம் அந்த ஒரு கட்டத்திலேயே அம்மாவுக்குப் பிடிபட்டுவிடும்.

ஆனாலும் முதல் பாகத்தை விட்டுவிட்டுப் பார்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் பாகுபலியின் மனைவி தேவசேனா. 25 வருடமாகத் திறந்த முற்றத்தில் சங்கிலியோடு கிடக்கிறாள். தலை நரைத்துவிட்டது. அந்த நிலையிலும், தன்னை அடைத்து வைத்த பல்வாள்தேவனுக்குச் சிதை அடுக்கவென்று சுள்ளி பொறுக்குகிறாள். இது 2015இல் வந்த முதல் பாகத்தில் இருக்கிறது. அவள் குனிந்து குனிந்து பொறுக்கியதைப் பார்த்திருந்தால்தான், இரண்டாம் பாகத்தின் முடிவில் அந்தச் சிதை எரியும்போது நெஞ்சு ஆறும். பார்க்காதவர்களுக்கு வில்லன் செத்தான், அவ்வளவுதான்.

கட்டப்பாவும் அப்படித்தான். முதல் பாகத்தில் வாள் விற்க வரும் அஸ்லாம்கான், அடிமைத்தனத்திலிருந்து உன்னை மீட்கிறேன் என்று சொல்லும்போது, முன்னோர் கொடுத்த வாக்கைச் சொல்லி மறுத்துவிடுகிறார். சின்னக் கட்டம்தான். பாகுபலியைக் கொல்லச் சொல்லி சிவகாமி இட்ட கட்டளை இரண்டாம் பாகத்திலேயே வருகிறது. அதை அவரால் ஏன் தட்ட முடியவில்லை என்பதற்கான வேர் இங்கே கிடக்கிறது.

ஆகவே வெள்ளிக்கிழமை இரவே அம்மாவையும் இருத்தி முதல் பாகத்தைப் பார்த்துவிடுங்கள். நேரமில்லை என்றால் அருவி ஏறுவதையும் காதல் பாட்டையும் ஓட்டிவிடலாம். கதை மகிழ்மதி நாட்டுக்குள் போனபிறகு ஓட்டாதீர்கள்.

கேள்வி: இரண்டு பாகத்தையும் சேர்த்து ஒரே படமாக விட்டார்களே, அதைப் பார்த்தால் போதாதா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: 2025 ஒக்ரோபரில் வந்த 'பாகுபலி: தி எபிக்'கைச் சொல்கிறீர்கள். கதைக்கு அது போதும். காதல் பகுதியைத்தான் நிறைய வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் ஓடும், சாப்பிட்டுவிட்டே இருங்கள்.