சவப்பெட்டிக்கு விலை கேட்கலாமா?

கேள்வி: கணவர் கடையொன்றில் 11 வருடம் வேலை செய்தார். போன மாதம் மாரடைப்பில் காலமானார். செத்தவீட்டுக் கடன் இருக்கிறது. சேமலாப நிதி எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் 15,000 ரூபாய் வாங்கிப் போனார், இப்போது போன் எடுக்கிறார் இல்லை. (சுன்னாகம்)

பதில்: தங்கச்சி, சேமலாப நிதி எடுக்கும் படிவத்துக்குக் காசே இல்லை. மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அடையாள அட்டைகளோடு யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். சம்பளத்தில் அவர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம் அந்த நிதியில் சேர்ந்திருக்க வேண்டும். முதலாளி கட்டாமல் விட்டிருந்தால் அங்கேயே முறையிடலாம். ஊழியர் நம்பிக்கை நிதி வேறு, முதலாளி கட்டும் 3 வீதம், அதற்குத் தனி விண்ணப்பம். வேலையில் இருக்கும்போதே காலமானவருக்கு அதில் மரணக் கொடுப்பனவும் உண்டு, கட்டாயம் கேளுங்கள். 15,000க்குப் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். விட்டால் அவர் அடுத்த செத்தவீட்டுக்குப் போவார்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 74. செத்தவீட்டுச் செலவு முழுக்க வரும் என்று காப்புறுதி முகவர் சொன்னார், கையெழுத்து வைத்தோம். முதல் வருடத்துக்குள் இறந்தால் கட்டிய காசு மட்டும்தான் என்று இப்போது சொல்கிறார்கள். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. (சாவகச்சேரி)

பதில்: அப்போ வாசிக்காமல் ஏன் கையெழுத்து வைத்தீர்கள்? ஒரு சேலைக்கு நாற்பதை விரித்துப் பார்க்கிறோம். பத்திரத்தைத் தமிழில் தரச் சொல்லிக் கேளுங்கள். அம்மாவின் நிலையான வைப்புக்கு நியமனதாரர் (அவருக்குப் பின் காசைப் பெறுபவர்) பெயர் எழுதியிருக்கிறதா என்றும் இந்த வாரமே வங்கியில் பாருங்கள்.

கேள்வி: பெட்டிக்கு விலை கேட்டால் ஊர் என்ன சொல்லும்? (கோண்டாவில்)

பதில்: நானும் அப்படித்தான் கேட்காமல் விட்டேன். அப்பாவுக்குத் தேக்குப் பெட்டி என்றார்கள், தலையாட்டினேன். சுடலையில் இறக்கும்போது ஒரு மூலை உரிந்தது, உள்ளே பிளைவூட். விலை எட்டுச் செலவன்றுதான் தெரிந்தது, வாங்கிய பெட்டி அதற்கு முன்பே சாம்பல், எதைக் காட்டிச் சண்டை பிடிப்பது? திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய்க்கு நாலு கடை ஏறி இறங்குகிற நாங்கள் இதில் மட்டும் "நீங்களே பார்த்துச் செய்யுங்கோ" என்கிறோம், அவர்களும் நன்றாகவே பார்த்துச் செய்கிறார்கள். பெட்டி, வாகனம், பந்தல், பறைமேளம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுப் பிள்ளை வரும்வரை உடலை வைத்திருப்பதென்றால் நாளுக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். உங்களால் முடியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்புங்கள், அவர் அழமாட்டார். பற்றுச்சீட்டு தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977.

கேள்வி: அண்ணா கனடாவில் காலமானார். அங்கே அரசாங்கம் தரும் காசில் உடலை இங்கே கொண்டுவரலாமா? (வல்வெட்டித்துறை)

பதில்: காணாது. ஓய்வூதியத் திட்டத்துக்குப் போதிய காலம் கட்டியிருந்தால் அடிப்படையாக 2,500 டொலர், ஒரே தடவை.

கேள்வி: இறந்த அப்பாவின் வங்கி அட்டை என்னிடம் இருக்கிறது, ரகசிய இலக்கமும் தெரியும். நாங்கள் மூன்று சகோதரங்கள். அந்தியேட்டிக்கு எடுக்கலாமா? (நல்லூர்)

பதில்: கூடாது. மூன்று சகோதரங்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.