போர்க்கால இங்கிலாந்து மாவட்டங்களில் இறப்பு விகிதம் ஏன் ஏறியது?

இறப்பு விகிதம் என்பது ஓர் ஊரில் ஆயிரம் பேருக்கு ஓராண்டில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு மாவட்டத்தின் சுகாதார அதிகாரியும் ஆண்டுதோறும் இதை அறிக்கையாக எழுதினார். இரண்டாம் உலகப் போர்க்கால அறிக்கைகளைப் பார்த்தால் பல இடங்களில் இது ஏறியிருக்கும், உடனே ஏதோ கொள்ளைநோய் என்று தோன்றும். முக்கியக் காரணம் வேறு. ஆரோக்கியமான இளைஞர்கள் படைக்குப் போய்விட்டதால் மக்கள்தொகைக் கணக்கிலிருந்தே நீங்கிவிட்டார்கள், மிச்சமிருந்தவர்களில் முதியவர்களின் பங்கு கூடியது. கிரிக்கெட் அணியில் நன்றாக அடிப்பவர்கள் நாலு பேர் விலகினால், மற்றவர்கள் பழையபடியே ஆடினாலும் அணியின் சராசரி இறங்கும் அல்லவா, அதே மாதிரிதான்.

பிறப்பு விகிதம் இன்னும் சுவாரசியம்: இங்கிலாந்து, வேல்ஸில் 1941-ல் ஆயிரத்துக்குச் சுமார் 14 வரை இறங்கி, போர் முடியும் முன்பே, 1944-ல், 17-ஐத் தாண்டிவிட்டது.

தொற்றுநோய் பயம் உண்மையானதுதான். 1939 செப்டம்பரில் குண்டுவீச்சிலிருந்து காக்க சுமார் 15 லட்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகள், நகரங்களிலிருந்து கிராமப்புறங்களுக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களோடு நோயும் பரவுமோ என்ற பயம் அது. தொண்டை அடைப்பான் என்ற டிப்தீரியா 1940-ல் பிரிட்டனில் 3,283 பேரைக் கொன்றது, பெரும்பாலும் குழந்தைகள். நினைத்தாலே மனம் கனக்கிறது. அப்புறம் வந்த இலவசத் தடுப்பூசிதான் அதை வேகமாகக் குறைத்தது.

போர்க்காலச் சாவு என்றாலே குண்டுவீச்சு என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் போர் முழுவதிலும் அதில் இறந்த பிரிட்டன் பொதுமக்கள் சுமார் 60,000 பேர், இங்கிலாந்து, வேல்ஸில் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் பெரும்பாலும் இதயநோய், புற்றுநோய் போன்ற வழக்கமான காரணங்களால் இறந்தார்கள்.