மறதி நோய் வந்தவர்களை ‘மெமரி கஃபே’ மாதிரி இடத்துக்கு அழைத்துப் போவதால் என்ன பயன்? போய் வந்ததையே மறந்துவிடுவார்களே?

மாமியாருக்கு டிமென்ஷியா என்றும், நோயாளியும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து போய் உட்கார்ந்து பேசுகிற இப்படி ஓர் இடத்தைப் பற்றி வெளிநாட்டில் இருக்கும் நாத்தனார் சொன்னார் என்றும், மதுரை மாதிரி ஊரில் இதெல்லாம் ஒத்துவருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஒத்துவரும். ஆனால் மாமியாருக்கு ஞாபகம் திரும்பும் என்று நினைத்துப் போனால் இரண்டாவது தடவை போக மாட்டீர்கள். உங்களுக்காகப் போங்கள்.

எங்கள் அப்பா பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்தவர். பாதி சர்வீஸ் மதுரை–தேனி தடத்தில்தான் ஓடியது. சில்லறையில் ஒரு பைசா தப்பாத மனுஷன், ஒரே காலையில் பால்காரருக்கு இரண்டு தடவை காசு கொடுத்தார். முதலில் பார்த்த டாக்டர், "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். அதை நம்பி ஒன்றரை வருஷம் போனது. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் உறைந்த ரத்தம், இதெல்லாமும் வெளியே மறதியாகத்தான் தெரியும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. உங்கள் மாமியாருக்கு இதெல்லாம் பார்த்தாயிற்றா? இல்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள், கஃபே அப்புறம். அப்பாவுக்கு எல்லாம் பார்த்த பிறகுதான் அல்சைமர் என்றார்கள், டிமென்ஷியாவிலேயே அதிகம் பேருக்கு வருகிற வகை.

ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்குப் படுக்கையில் ஆளைக் காணோம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்று, "எனக்கு எந்த வண்டி?" என்று டூட்டி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அங்கிருந்த டிரைவர் தம்பி ஒருவர் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, சட்டைப் பைக்குள் அம்மா தைத்து வைத்திருந்த துணித் துண்டில் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார். (அந்தத் துணித் துண்டை இன்றைக்கே தைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.)

இப்போது கஃபே. இதை ஆரம்பித்தவர் பெரே மீசன் என்ற நெதர்லாந்து உளவியலாளர். 1997இல் அங்கே லைடன் நகரத்தில் முதல் கூட்டம். ஒரே வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும்கூட இந்த நோயைப் பற்றி வாய் திறந்து பேசிக்கொள்வதில்லை என்பதை அவர் பார்த்திருந்தார். நோயாளி, வீட்டுக்காரர்கள், வைத்தியம் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே அறையில் காபி குடித்தபடி பேசட்டும் என்றார். கொஞ்ச நேரம் ஒருவர் பேசுவார், நடுவில் இடைவேளை, அப்புறம் கேள்விகள், அரட்டை. 2000இல் இங்கிலாந்துக்குப் போனது, பிறகு அமெரிக்காவுக்கு. இது சிகிச்சை வகுப்பு இல்லை, நோயாளியை விட்டுவிட்டுப் போகிற டே கேரும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து போய், சேர்ந்து உட்கார்ந்து, சேர்ந்து வருவது.

நம் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். நம் தெருவிலேயே இருப்பார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். "மனசு சரியில்ல"ன்னு பேர் வந்துட்டா வீட்டில் பொண்ணு எடுக்க யோசிப்பாங்களே என்கிற பயம்.

அப்பாவைக் காட்டப் போன இடத்தில் பழக்கமான நான்கு குடும்பங்கள் சேர்ந்து நாங்களே நடத்துகிறோம். எல்லீஸ் நகரில் ஒரு வீட்டின் கீழ்த்தள ஹால், மாதம் ஒரு சனிக்கிழமை. பெயரெல்லாம் இல்லை. ‘ஞாபகம்’, ‘மறதி’ என்று போர்டு வைத்தால் யாரும் வாசல்படி மிதிக்க மாட்டார்கள். அப்பாவிடம் சங்கக் கூட்டம் என்றுதான் சொல்லிக் கூட்டிப் போனேன். பொய்தான். ஆனால் நாலு பேர் கூடிக் குறையைச் சொல்லி டீ குடிக்கிற இடத்துக்கு வேறென்ன பேர் வைப்பது?

முதல் கூட்டத்தைக் கெடுத்தது நான். கோயில் கோபுரம், தெப்பக்குளம், பழைய தலைவர்கள் என்று படங்களை அச்செடுத்துப் போய், "இது யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று ஒவ்வொருவரிடமும் நீட்டினேன். ரிட்டயர்டான டீச்சரம்மா ஒருவர் படத்தைப் பார்த்தார், மருமகள் முகத்தைப் பார்த்தார், அழ ஆரம்பித்துவிட்டார். நாற்பது பிள்ளைகளைக் கேள்வி கேட்டுப் பழகியவரை நான் பெயில் ஆக்கியிருந்தேன். அதிலிருந்து "தெரியுதா?" "ஞாபகம் இருக்கா?" இரண்டுக்கும் தடை.

இரண்டாவது தப்பு, மாலை ஐந்து மணிக்கு வைத்தது. பொழுது சாயச் சாய இவர்களில் நிறையப் பேருக்குப் பதற்றம் கூடும், "வீட்டுக்குப் போகணும்" என்று வீட்டுக்குள்ளேயே நிற்பார்கள். இப்போது காலை பத்தரைக்கு. இன்னொன்று, வாசலில் கிடந்த கறுப்பு மிதியடி. அப்பா அதன் முன்னால் நின்றுகொண்டு உள்ளே வரவே மாட்டேன் என்றார். அடம் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்தேன். டீச்சரம்மாவின் மருமகள்தான், "அவுகளுக்கு அது குழி மாதிரி தெரியுங்க்கா" என்று சொல்லிச் சுருட்டி எடுத்தார். அப்பா நேராக நடந்து உள்ளே வந்துவிட்டார்.

மூன்றாவது மாதம் நடந்ததைச் சொல்கிறேன். தட்டுக்கு அடியில் விரித்திருந்த தினசரியை அப்பா இழுத்தார். கட்டை விரலை நாக்கில் தொட்டு, ஓரத்தை நீளவாக்கில் கிழித்தார், ஒரே அளவாக. எழுந்து நின்று, "ஆண்டிபட்டி எறங்குறவுக முன்னாடி வாங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது, உட்காரச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீச்சரம்மா, "உசிலம்பட்டி ஒண்ணு" என்று பிஸ்கட்டை நீட்டினார். அப்பா வாங்கவில்லை. "சில்லறையா குடும்மா." மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்தார். அதை நீளமாக மடித்து இடது கை விரலிடுக்கில் செருகிக்கொண்டு, செக்கானூரணி, கருமாத்தூர், செல்லம்பட்டி என்று ஒவ்வொரு ஸ்டாப்பாக எல்லாரையும் இறக்கிவிட்டு தேனியில்தான் உட்கார்ந்தார். என் பெயரைத் தொலைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது அப்போது.

புதிதாக நடப்பதை மூளையில் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை இந்த நோய் ஆரம்பத்திலேயே தாக்கும். பழகிப்போன கைவேலை பதிந்திருப்பது வேறு இடங்களில். அது ரொம்ப நாள் தாங்கும்.

ஹாலில் இது நடந்தது. ஆனால் நான் உங்களிடம் சொல்ல நினைத்தது அடுப்படியில் நடந்தது. பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தேன் (மிக்சரும் கடலையும் வேண்டாம், சிலருக்கு விழுங்கும்போது புரை ஏறும்). மில்காரரின் சம்சாரத்திடம் அம்மா மெதுவாக, "ராத்திரி மூணு தடவ வேட்டியோட ஒண்ணுக்குப் போயிட்டாருக்கா. நாலாவது தடவ கைய ஓங்கிட்டேன்" என்றார். அந்த அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "நான் அடிச்சே இருக்கேன்" என்றார்.

அத்தை, சித்தி என்று எத்தனை பேர் வீட்டுக்கு வந்து போகிறார்கள்! அவர்களிடம் இதைச் சொல்ல முடியுமா? "கட்டுன புருஷன..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த இரண்டு பேரும் அப்புறம் ராத்திரி யார் முழிப்பது, பெட்ஷீட்டுக்கு அடியில் ரப்பர் ஷீட் எங்கே வாங்குவது, படுக்கப் போகும் முன் எத்தனை மணிக்குப் பாத்ரூம் கூட்டிப் போவது என்று அரை மணி நேரம் பேசினார்கள். அடுத்த வாரத்திலிருந்து செவ்வாய், வெள்ளி ராத்திரி அப்பாவைப் பார்த்துக்கொள்வது நான். அம்மா தூங்குவது கதவைச் சாத்திய அறையில். என்னிடம் கேட்கச் சொன்னதே அந்த அம்மாதான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது தோன்றவில்லை.

மறந்துவிடுவார்களே என்றால், ஆமாம், ஆட்டோ கோரிப்பாளையம் வருவதற்குள் மறந்துவிடுவார். ஆனால் நிகழ்ச்சி போன பிறகும் அது தந்த மனநிலை தங்குகிறது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான காட்சிகளையும் சந்தோஷமான காட்சிகளையும் காட்டிப் பார்த்தார்கள். பார்த்தது என்ன என்பது போய்விட்டது, சோகமும் சந்தோஷமும் நின்றன. 2014இல் வெளியானது. எங்கள் வீட்டில் அந்தச் சனிக்கிழமைகளில் அப்பா சாயங்காலம் கதவுத் தாழ்ப்பாளை ஆட்டுவதில்லை. அதற்கு மேல் நான் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. கூட்டத்தைக் கண்டாலே மிரள்கிறவர் என்றால் இழுத்துப் போகாதீர்கள். பக்கத்தில் ஒரு வீட்டைச் சேர்த்துக்கொண்டு இரண்டு குடும்பமாக ஆரம்பியுங்கள். மாமியார் என்ன வேலை செய்து பழகியவர் என்று நீங்கள் எழுதவில்லை. பூக்கட்டுவாரோ, அரிசி புடைப்பாரோ, அதைக் கையில் கொடுங்கள். சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க வேண்டாம். நீங்கள் அடுப்படிப் பக்கம் போய் உட்காருங்கள்.