சிக்கல்தன்மைக் கோட்பாடு: எல்லாத் துறைக்கும் ஒரே பொருளா?

கணினி வகுப்பிலும் பொருளியல் வகுப்பிலும் சொல்லப்படும் 'சிக்கல்தன்மைக் கோட்பாடு' ஒன்றேதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பெயர்தான் ஒன்று.

எங்கள் கம்பத்தில் விடியும் முன்பே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பிவிடும். ஒரு ஜீப் ஐந்து தோட்டங்களுக்குப் போகவேண்டும் என்றால் போகும் வரிசைகள் 120. பத்துத் தோட்டங்கள் என்றால் 36,28,800! கணக்கு பெருகப் பெருக, விடை காண ஆகும் நேரமும் நினைவகமும் எவ்வளவு பெருகும் என்பதே கணினி அறிவியலின் கேள்வி. மிகக் குறுகிய வழியை எப்போதும் விரைவாகத் தரும் முறை இன்றுவரை கிடைக்கவில்லை. 'ஒரு விடை சரியா என்று விரைவாகச் சரிபார்க்க முடிந்தால், அந்த விடையை விரைவாகக் கண்டுபிடிக்கவும் முடியுமா?' என்று 1971-இல் கணினி அறிவியலாளர் ஸ்டீபன் குக் முன்வைத்த இதன் மூலப்புதிருக்கு, 2000-இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. இன்னும் அவிழவில்லை.

பொருளியல், உயிரியல் பக்கம் வந்தால் பேச்சே வேறு. போடியிலும் புத்தடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வியாபாரியும் தம் கையிருப்பையும் மழையையும் பக்கத்தில் இருப்பவர் கேட்கும் விலையையும் பார்த்தே கேட்கிறார். அவர் கேட்ட விலை அடுத்தவரை அசைக்கிறது. யாரும் கட்டளையிடாமல் சந்தைக்கு ஒரு போக்கு பிறந்துவிடுகிறது. தனி வியாபாரியை எவ்வளவு துருவினாலும் அது தென்படாது. எறும்புக் கூட்டமும் மூளையும் இப்படித்தான். பல உறுப்புகள் ஒன்றையொன்று அசைப்பதால் முழுமைக்கு இப்படி ஒரு போக்கு எப்படிப் பிறக்கிறது என்பதே இங்கே கேள்வி. 1984-இல் அமெரிக்காவில் தொடங்கிய சாண்டா ஃபே ஆய்வு நிறுவனம் இதற்கென்றே இயங்குகிறது.