வாங்கிய ஃபைலும் வரைந்தவர் உரிமையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இணையத்தில் பணம் கட்டி வாங்கிய மயில் டிசைனை எம்பிராய்டரி மெஷினில் போட்டு பிளவுஸ் விற்கிறேன். தோழி ஒருவர் அந்த ஃபைலைத் தம் கடைக்கும் கேட்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, ஈரோடு

பதில்: கொடுக்கக் கூடாது. நீங்கள் விலை கொடுத்தது ஃபைலைப் பயன்படுத்தும் அனுமதிக்குத்தான். டிசைனின் உரிமை உங்களுக்கு வந்துவிடவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை கைமாற வேண்டுமானால் அது எழுத்து மூலமாகவே நடக்க வேண்டும். விற்பனையாளர் தந்த நிபந்தனைகளைப் பொறுமையாகப் படியுங்கள். தைத்த துணியை விற்கலாம், ஃபைலைப் பகிரக் கூடாது என்று பலர் எழுதியிருப்பார்கள். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று சொல்பவர்களும், இத்தனை உருப்படி வரை என்று வரம்பு வைப்பவர்களும் உண்டு. அப்படியிருந்தால் உங்கள் பிளவுஸ் விற்பனைக்கே தனி அனுமதி வேண்டும்.

அந்த மயில் மெஷினில் ஓடும்போது கவனித்துப் பாருங்கள். மேல் நூல் விழுவதற்கு முன்பே துணி சுருங்காதிருக்க அடித்தையல் ஓடுகிறது. கழுத்து வளையும் இடத்தில் தையலின் திசை மெல்லத் திரும்புகிறது. தைத்துப் பார்த்து, பிரித்து, மறுபடியும் திருத்திய ஒருவருடைய உழைப்பு அது. தோழியும் தமக்கென ஒரு பிரதி வாங்கிக்கொள்வதே முறை.

கேள்வி: பிரபலமான கார்ட்டூன் உருவத்தை நானே டிஜிட்டைஸ் செய்து, அதாவது மெஷின் தைக்கும் ஃபைலாக மாற்றி, நிறத்தையும் மாற்றிவிட்டேன். குழந்தைகள் சட்டையில் போட்டு விற்கலாமா? – வாசகி, மதுரை

பதில்: உழைப்பு உங்களுடையது, உருவம் உங்களுடையதல்ல. காகிதத்தில் இருந்த படம் நூலுக்கு மாறினாலும் பிரதி பிரதிதான். ‘கொஞ்சம் மாற்றினால் போதும்’ என்று பலர் நம்புகிறார்கள். இத்தனை சதவீதம் மாற்றினால் தப்பலாம் என்ற கணக்கு சட்டத்தில் கிடையாது. உங்கள் பிள்ளையின் சட்டைக்கு, சொந்த உபயோகத்துக்கான விலக்கு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் இருக்கிறது. விற்பனைக்கு அது கைகொடுக்காது.

கேள்வி: நானே வரைந்த கழுத்து டிசைனை வேறொரு கடையில் அப்படியே போடுகிறார்கள். நான் எங்கும் பதிவு செய்யவில்லை. தடுக்க முடியுமா? – வாசகி, காரைக்குடி

பதில்: இதுவரை எத்தனை பிளவுஸ்களில் அதைப் போட்டிருக்கிறீர்கள் என்பதை முதலில் எண்ணுங்கள். வரைந்தபோதே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிட்டது. அதற்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத் தக்க ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல், நீங்களோ உங்கள் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 முறைக்கு மேல் பொருள்களில் போட்டுவிட்டால், அந்தப் பதிப்புரிமை முடிந்துவிடும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. ஒரே நேரத்தில் 12 உருப்படி தைக்கும் 12 ஹெட் மெஷினில் நான்கு ஓட்டத்துக்கு 48 உருப்படி வரும். ஐந்தாவது ஓட்டத்திலேயே வரம்பு கடந்துவிடும். சிறு கடை நடத்துபவர்களுக்கு இது மிகக் கடுமையான விதி என்பதே என் கருத்து.

50க்குள் நின்றிருந்தால், தேதியிட்ட வரைபடத்தையும் பில்களையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். அடுத்த டிசைனையாவது, வாட்ஸ்அப்பில் படம் போடுவதற்கு முன்பே பதிவுக்கு விண்ணப்பியுங்கள். வெளியான பிறகு அது புதிய டிசைனாகக் கருதப்படாது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம்.

கேள்வி: மாங்காய், அன்னப்பட்சி, தோடர் பூவேலை ஆகியவற்றை மெஷினில் போடலாமா? – வாசகி, கோவை

பதில்: மாங்காயும் அன்னப்பட்சியும் யாருக்கும் தனிச்சொத்தல்ல, ஆனால் ஒருவர் தம் கைவண்ணத்தில் வரைந்து தந்த மாங்காய் அவருடையது. தோடா எம்பிராய்டரி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் இழை எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகக் கையால் போடும் வேலை அது. உங்கள் துணியை அந்தப் பெயரில் விற்காதீர்கள். விலைச்சீட்டில் மெஷின் வேலை என்றே எழுதுங்கள்.